பழைய பட்டறை இயந்திரங்களில் மசகு எண்ணெய்க் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

பழைய லேத்தோ, மில்லிங் மெஷினோ, ஷேப்பரோ சூடானாலும், சத்தமிட்டாலும், இழுத்துப் பிடித்தாலும் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் கெட்டியான ஆயிலை ஊற்றிப் பாருங்கள்." இந்த யோசனை பலிப்பதைவிடப் பொய்ப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சத்தம் சில நாட்கள் அடங்கும். ஆனால் கோளாறு உள்ளேயே இருந்து தேய்மானத்தைத் தொடரும். எண்ணெயை மாற்றுவதற்கு முன் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: அந்த இடத்தில் எந்த உலோகம் எதன்மேல் உரசுகிறது, எவ்வளவு வேகத்தில் உரசுகிறது, எண்ணெய் அங்கே எந்த வழியாகப் போய்ச் சேருகிறது. இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எண்ணெயின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி உண்மையில் எண்ணெய் போய்ச் சேராத பாதையின் பழி.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துணி, கம்பி, கண்ணாடிக் குப்பி, வெப்பமானி, டயல் கேஜ் ஆகியவை போதும். மூடியைத் திறந்து கைவிடும் எந்தச் சோதனைக்கும் முன்பாக மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஸ்டாப் பொத்தானை அழுத்தியிருப்பது போதாது.

எண்களைப் படிக்கும் முறை

டின்னின் மேல் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் எந்த அறிகுறியையும் ஆராய முடியாது. ஐ.எஸ்.ஓ. வி.ஜி. எனத் தொடங்கும் எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை (கெட்டித்தன்மை) எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) என்பதைச் சொல்கிறது. அதிலிருந்து 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். 10, 15, 22, 32, 46, 68, 100, 150, 220, 320, 460 என்று போகும் இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கெட்டி. ஆகவே ஒரு படி மாறினால் பெரிய தவறில்லை. மூன்று படி மாறினால் அது வேறு எண்ணெய்.

வாகனங்களுக்கான எஸ்.ஏ.இ. எண்கள் வேறு கணக்கு. அதிலும் எஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு மற்றோர் அளவுகோல். எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில் என்றால் எஸ்.ஏ.இ. 40 எஞ்சின் ஆயிலைப்போல இரு மடங்குக்கும் மேல் கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கெட்டித்தன்மையில் அது எஸ்.ஏ.இ. 40-க்கும் 50-க்கும் பக்கத்திலேயே நிற்கிறது. 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில், 40 டிகிரியில் ஏறத்தாழ வி.ஜி. 100 அளவுக்குக் கெட்டி. வி.ஜி. 32 கேட்கும் ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் சுழலும் தண்டும் அதைச் சுழற்றும் கியர்களும் உள்ள பெட்டி) அதை ஊற்றினால், கேட்டதைப்போல மூன்று மடங்கு கெட்டியான எண்ணெயை ஊற்றியிருக்கிறோம்.

பழைய கையேடுகளில் ஐ.எஸ்.ஓ. எண்ணே இருக்காது. அமெரிக்க இயந்திரமானால் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சேபோல்ட் விநாடிகள் (குறிப்பிட்ட அளவு எண்ணெய் சிறு துளை வழியே வடிய எடுக்கும் நேரம்) என்று எழுதியிருப்பார்கள். அதில் 150 விநாடி என்பது இன்றைய வி.ஜி. 32, ஏறத்தாழ 315 விநாடி என்பது வி.ஜி. 68. ஐரோப்பிய இயந்திரங்களில் 50 டிகிரி செல்சியஸில் எங்ளர் டிகிரி என்று இருக்கும். கெட்டியான எண்ணெய்களுக்கு அந்த எண்ணை 7.6-ஆல் பெருக்கினால் 50 டிகிரியில் உள்ள சென்டிஸ்டோக்ஸ் கிடைக்கும், அதை ஒன்றரை மடங்காக்கினால் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு அருகில் வந்துவிடலாம். பிரிட்டிஷ் கையேடுகளின் ரெட்வுட் விநாடிகளைப் படிக்கும்போது பக்கத்தில் எந்த வெப்பநிலை குறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கட்டாயம் பாருங்கள். 70, 100, 140 டிகிரி ஃபாரன்ஹீட் என வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து எழுதினார்கள். அதைக் கவனிக்காமல் எடுத்த எண் முற்றிலும் தவறான எண்ணெயில் கொண்டுபோய் விடும்.

அறிகுறி: ஹெட்ஸ்டாக் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது

முதலில் சூட்டை அளவிடுங்கள். கையை வைத்துச் சில விநாடிகளுக்கு மேல் தாங்க முடியவில்லை என்றால் ஏறத்தாழ 60 டிகிரி. அது கவலைக்குரிய எல்லை. இயந்திரத்தை நடுத்தர வேகத்தில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, முன் பேரிங்கின் மேலும் பின் பேரிங்கின் மேலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், உள்ளே உண்டாகும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிட்டன என்று பொருள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்து, சூடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்டாக் முழுவதும் ஒரே மாதிரி சூடாகி, வேகத்தைக் கூட்டும்போது சூடும் கூடி, குறைக்கும்போது குறைந்தால், எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியாக இருக்கிறது அல்லது அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறது. கியர்கள் அந்தக் கெட்டி எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கின்றன. கடைவதற்குச் செலவாகும் சக்திதான் சூடாக வெளிவருகிறது. இதற்கு மருந்து, மட்டத்தைக் கையேட்டின் குறிக்குக் கொண்டுவருவதும் ஒன்றிரண்டு படி இளக்கமான எண்ணெய்க்கு மாறுவதும்தான். கியரும் உருளை பேரிங்கும் உள்ள பெரும்பாலான ஹெட்ஸ்டாக்குகளுக்கு வி.ஜி. 32 முதல் 68 வரை போதும். வேகமாகச் சுற்றும், இடைவெளி குறுகிய புஷ் பேரிங்கில் (உருளை இல்லாத வழுவழுப்பான உலோகக் குழல்) ஓடும் ஸ்பிண்டில்களுக்கு (சுழலும் முதன்மைத் தண்டுகளுக்கு) வி.ஜி. 10 முதல் 22 வரைகூடக் கேட்பார்கள். "இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே, தாங்குமா?" என்ற தயக்கம் வருவது இயல்பு. ஆனால் புஷ் பேரிங்கில் சுமையைத் தாங்குவது சுழற்சியால் உள்ளே இழுக்கப்பட்டு உருவாகும் எண்ணெய்ப் படலம்; வேகம் கூடக் கூட அந்தப் படலத்தை உருவாக்க இளக்கமான எண்ணெயே போதும். குறுகிய இடைவெளிக்குள் கெட்டி எண்ணெய் போதிய அளவு நுழைவதே கடினம்.

மாறாக, ஒரு பேரிங் மட்டும், அதுவும் திடீரென்று சூடானால், எண்ணெயின் வகையை மறந்துவிட்டுப் பாதையைப் பாருங்கள். எண்ணெய்த் துளை அடைபட்டிருக்கலாம், எண்ணெயைச் சொட்டவிடும் திரி காய்ந்திருக்கலாம், அல்லது டேப்பர் ரோலர் பேரிங்கின் நட்டை யாராவது தேவைக்கு மேல் இறுக்கியிருக்கலாம். இறுக்கம்தான் காரணம் என்றால் எந்த எண்ணெயை ஊற்றினாலும் அந்த முனையின் சூடு குறையாது. அதுவே அதற்கான சோதனை.

இங்கே ஒரு சிறிய ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஹெட்ஸ்டாக்கின் எண்ணெய்க் கண்ணாடியில், பல ஆண்டுகள் எண்ணெய் நின்ற மட்டத்தில் பழுப்புக் கறை ஒன்று கோடுபோலப் படிந்திருக்கும். வெளிச்சம் குறைவான மூலையில் அந்தக் கோடு அப்படியே எண்ணெய் மட்டம்போலத் தெரியும். உள்ளே எண்ணெயே இல்லாமலிருந்தும் "மட்டம் சரியாக இருக்கிறது" என்று ஓட்டப்பட்ட இயந்திரத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகே மட்டத்தை நம்புங்கள்.

அறிகுறி: ஸ்லைடு திக்கித் திக்கி நகர்கிறது

கைச்சக்கரத்தை மிக மெல்லத் திருப்பும்போது சேடில் (வெட்டுக்கருவியைத் தாங்கி லேத்தின் படுகைமேல் சறுக்கும் பகுதி) முதலில் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவுகிறது. சேடிலுக்கு எதிரே டயல் கேஜ் வைத்து, ஒரு நேரத்தில் 0.01 மி.மீ. அளவுக்கு நகர்த்திப் பாருங்கள். முள் சீராக ஏறினால் ஸ்லைடு நலமாக இருக்கிறது. முள் அப்படியே நின்று, பிறகு 0.03, 0.04 என்று குதித்தால் இந்தக் கோளாறு உறுதி. நின்றிருக்கும்போது உள்ள உராய்வு நகரும்போது உள்ள உராய்வைவிட அதிகமாக இருப்பதால், இழுவிசை ஸ்க்ரூவிலும் நட்டிலும் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக விடுபடுகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம், ஸ்லைடுக்கு ஹைட்ராலிக் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ பயன்படுத்துவது. அவை சுழலும் பேரிங்குக்கு நல்லவை. ஆனால் மெதுவாகவும் பாரத்தோடும் சறுக்கும் தட்டையான பரப்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கி வெளியேறிவிடும். ஸ்லைடுவே ஆயில் என்று தனியாக விற்கப்படுவதில் இரண்டு பண்புகள் சேர்க்கப்பட்டிருக்கும்: பரப்பைவிட்டு வழிந்துவிடாமல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பு ஒன்று, நிலையுராய்வை இயங்குராய்வுக்குச் சமமாகக் குறைக்கும் சேர்மானம் மற்றொன்று. இரண்டாவதுதான் முக்கியமானது. ஒரு துளியை இரு விரல்களுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல்போல நீள்வது முதல் பண்பை மட்டும்தான் காட்டும். செயின்சா ஆயிலும் அப்படி நீளும். ஆனால் திக்குவதை நிறுத்தும் சேர்மானம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவசரத்துக்கு அதை ஊற்றுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், துல்லிய வேலைக்குப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

கிடைமட்ட ஸ்லைடுகளுக்கும் சிறிய, நடுத்தர இயந்திரங்களுக்கும் வி.ஜி. 68, செங்குத்து ஸ்லைடுகளுக்கும் பாரமான பெரிய மேசைகளுக்கும் வி.ஜி. 220. ஜெர்மன் முறைப்படி குறியிடப்பட்ட டின்களில் சி.ஜி.எல்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது ஸ்லைடுவே ஆயில், எச்.எல்.பி. என்றிருந்தால் தேய்மானத் தடுப்புச் சேர்மானம் உள்ள ஹைட்ராலிக் ஆயில். ஒரே தொட்டியிலிருந்து ஹைட்ராலிக்கும் ஸ்லைடும் எண்ணெய் பெறும் இயந்திரங்களுக்காக எச்.ஜி. என்ற வகை இருக்கிறது.

எண்ணெய் சரியாக இருந்தும் திக்கினால், ஜிப் தகடு (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கமாக இருக்கிறதா, கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு நீர்மம்) காய்ந்து பிசின்போலப் படிந்திருக்கிறதா, எண்ணெய்க் கால்வாய்கள் தேய்ந்து மறைந்துபோயிருக்கின்றனவா என்று பாருங்கள். சேடிலைத் தள்ளிவிட்டு அது நின்றிருந்த இடத்தை விரலால் துடைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அங்கே விரலில் ஒட்டும் எண்ணெய் இல்லாமல் வறண்ட கறை மட்டும் இருந்தால், எண்ணெய் அங்கே போகவே இல்லை.

அறிகுறி: வெண்கலச் சக்கரம் கறுக்கிறது, அல்லது எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னுகிறது

இந்த ஒரு தவறுக்காகத்தான் இந்த வழிமுறையையே எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். மற்றத் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தேய்ந்துபோன பழைய வார்ம் வீலுக்கு (திருகு வடிவ வார்மோடு பொருந்தும் பற்சக்கரம்) மாற்றுப் பாகம் பெரும்பாலும் கிடைக்காது.

பழைய இயந்திரங்களில் வார்ம் கியரின் சக்கரம், ஏப்ரன் (சேடிலின் முன்புறப் பெட்டி) புஷ்கள், லீட் ஸ்க்ரூ (சேடிலை நகர்த்தும் நீண்ட திருகு) நட் ஆகியவை வெண்கலம் அல்லது கன்மெட்டல். வாகனங்களின் டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்.-5 தரக் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மிகை அழுத்தச் சேர்மானம் நிறைய இருக்கும், ஜி.எல்.-4 தரத்தில் அது ஏறத்தாழ அதில் பாதி. எஃகும் எஃகும் கடுமையாக உரசும் இடத்தில் அந்தச் சேர்மானம் உலோகப் பரப்போடு வேதிவினை புரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிவதைத் தடுக்கிறது. அதே வேதிவினை, வினைபுரியும் கந்தகம் உள்ள எண்ணெய்களில், செம்பு கலந்த உலோகத்தின் மேல் நடந்தால் அதுவே அரிப்பு. சூடு கூடக் கூட அரிப்பின் வேகமும் கூடுகிறது.

இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். வெண்கலப் பரப்பு, உரசாத இடங்கள் உட்பட எங்கும் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அது வேதியியல் தாக்குதல். எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். பற்கள் உரசும் இடத்தில் மட்டும் பளபளப்பாக இருந்து, எண்ணெயின் அடியில் பொன்னிறச் செதில்கள் கிடந்தால் அது தேய்மானம். எண்ணெய் இளக்கமாக இருக்கிறது, அல்லது வார்மும் சக்கரமும் நேர்கோட்டில் பொருந்தவில்லை. வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் செதில்கள் மின்னும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எஃகுத் துகள் ஓடி வந்து ஒட்டும், வெண்கலம் அசையாது.

கையிலுள்ள எண்ணெயைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், ஆய்வகங்களில் செய்யும் செம்புத் தகடு சோதனையின் எளிய வடிவத்தைப் பட்டறையிலேயே செய்யலாம். ஒரு செம்புத் துண்டை நுண்ணிய எமரித் தாளால் பளபளப்பாகத் தேய்த்து, விரல் படாமல், எண்ணெய் உள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் 3 மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் குப்பிக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துத் துடைக்கும்போது துண்டு லேசான ஆரஞ்சு நிறத்தோடு நின்றால் எண்ணெய் வெண்கலத்துக்குப் பாதுகாப்பானது. ஊதாவும் நீலமும் கலந்த வண்ணமோ கறுப்போ ஏறியிருந்தால் அந்த எண்ணெயை வெண்கலம் இருக்கும் எந்தப் பெட்டியிலும் ஊற்றாதீர்கள்.

அப்படியானால் வார்ம் கியருக்கு எதை ஊற்றுவது? வார்மின் பல் சக்கரத்தின் மேல் உருள்வதில்லை, சறுக்குகிறது. ஆகவே கெட்டியான எண்ணெய் வேண்டும். மெதுவாகச் சுற்றும் தனிப்பெட்டி வார்ம் கியர்களுக்கு வி.ஜி. 460, சிலவற்றுக்கு 680. கனிம எண்ணெயோடு சிறிதளவு கொழுப்பு கலந்த வகை ஒன்று இருக்கிறது. நீராவி எஞ்சின் சிலிண்டர் ஆயில் என்ற பழைய பெயரிலும் கிடைக்கும். அந்தக் கொழுப்பு வெண்கலத்தை அரிக்காமல் வழுக்கலை மட்டும் தருகிறது. ஏப்ரனுக்குள்ளோ ஃபீட் பெட்டிக்குள்ளோ இருக்கும் சிறிய வார்முக்கு இவ்வளவு கெட்டி தேவையில்லை. அந்தப் பெட்டிக்குக் கையேடு சொல்லும் எண்ணெயே போதும்.

அறிகுறி: எண்ணெய் ஊற்றியும் வறண்டே கிடக்கிறது

இரண்டாம் கையாக வாங்கிய இயந்திரங்களில் இதுதான் மிகுதி. எண்ணெய் ஊற்றுவதற்காக வைக்கப்பட்ட நிப்பிளில் முந்தைய உரிமையாளர் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தியிருப்பார். பார்ப்பதற்கு இரண்டு நிப்பிளும் ஒன்றுபோல இருப்பதால் நேரும் தவறு இது. கிரீஸில் உள்ள எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வடிந்துபோய், அதைக் கெட்டியாக்கியிருந்த சோப்பு மட்டும் எஞ்சித் துளைக்குள் இறுகிவிடும். என்னிடம் வந்த ஒரு லேத்தின் லீட் ஸ்க்ரூ பிராக்கெட்டிலிருந்து நிப்பிளைக் கழற்றி, மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தபோது, மெழுகுவத்தியின் அடிக்கட்டைபோல ஒரு பழுப்புக் குச்சி முழுசாக வெளியே வந்தது. அதற்குக் கீழே புஷ் எண்ணெயைக் கண்டே பல காலம் ஆகியிருந்தது. அந்தத் துளைக்கு மேலே வி.ஜி. 32 ஊற்றினாலும் 220 ஊற்றினாலும் ஒரே பலன்தான்.

ஆகவே ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் கம்பியால் குத்தி, மண்ணெண்ணெய் செலுத்தி, மறுமுனையில் வெளிவருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே எண்ணெயைத் தீர்மானியுங்கள். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்களில் கிரீஸ் இன்னும் கேடு. அவற்றின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகளில் நிற்கும் எண்ணெய்தான். கிரீஸ் அந்தத் துளைகளை அடைத்துவிடும்.

திரி வழியாக எண்ணெய் இறங்கும் கப்களில் வேறு விதமாகப் பழுது வரும். கம்பளித் திரி எண்ணெயை நுண்புழை ஏற்றத்தால் மேலே இழுத்து, குழாய்க்குள் தொங்கும் முனை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. கெட்டி எண்ணெய் திரியில் மெதுவாகவே ஏறும், குளிர்ந்த காலையில் நின்றேகூடப் போகும். தூசியும் கிராஃபைட், மாலிப்டினம் போன்ற திடத்தூள் கலந்த எண்ணெயும் இழைகளை அடைத்துவிடும். திரி தண்ணீரைக் குடித்துவிட்டாலும் எண்ணெய் ஏறாது. திரியை எடுத்து மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்துத் திரும்பப் போடுங்கள். உலர்ந்த திரியை அப்படியே போட்டால் எண்ணெய் சொட்டத் தொடங்க வெகுநேரம் பிடிக்கும், அதுவரை பேரிங் வறண்டே ஓடும். வேலை முடிந்ததும் திரியைத் தூக்கிவிடவில்லை என்றால், இயந்திரம் நின்றிருக்கும்போதும் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்து மறுநாள் கப் காலியாகிக் கிடக்கும்.

கைப்பிடியை இழுத்துவிட்டால் எல்லா இடத்துக்கும் எண்ணெய் பங்கிடும் ஒற்றைப் பம்பு அமைப்பில், பிடி திரும்பும் வேகமே நோயைச் சொல்லும். மெல்லத் திரும்பினால் நலம். விட்டவுடன் சட்டென்று இறங்கினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது அல்லது தொட்டியில் எண்ணெய் இல்லை. இறங்காமலே நின்றால் வடிகட்டி அடைபட்டிருக்கிறது.

அறிகுறி: எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறது, நுரைக்கிறது

வெளுப்பு என்றால் தண்ணீர் அல்லது கூலண்ட். சூடான இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி விட்டால் படபடவென்று வெடிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். பிறகு ஒரு குப்பியில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைத்திருங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நின்றால் எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது. பிரியாமல் வெளுப்பாகவே இருந்தால், அது அழுக்கை மிதக்கவிடும் டிடர்ஜென்ட் சேர்த்த எஞ்சின் ஆயிலாக இருக்கலாம், அல்லது கூலண்டின் குழம்பாக்கிகள் எண்ணெயோடு கலந்திருக்கலாம். எஞ்சினில் டிடர்ஜென்ட் நல்லது. ஏனெனில் மிதக்கும் அழுக்கைப் பிடிக்க அங்கே ஃபில்டர் இருக்கிறது. பழைய லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் ஃபில்டர் இருப்பது அரிது. அங்கே அழுக்கும் உலோகத்தூளும் அடியில் படிந்து அசையாமல் கிடப்பதே நல்லது. அந்தக் காரணத்தால்தான் ஃபில்டர் இல்லாத பெட்டிகளுக்கு எஞ்சின் ஆயில் வேண்டாம் என்கிறேன்.

நுரை மட்டும் இருந்தால் முதலில் மட்டத்தைக் குறையுங்கள். பம்பு உள்ள இயந்திரமானால் உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லையென்றால் இரு வேறு எண்ணெய்கள் கலந்திருக்கலாம்.

அறிகுறி: கியர் சத்தம்

நேர்ப்பல் கியர்கள் புதிதாக இருந்தபோதே சத்தமிட்டவை. கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தம் குறைந்தால், பற்களின் தேய்மானம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. ஒலி மட்டும் அமுங்கியிருக்கிறது, அதற்கு விலையாக பேரிங்குகள் சூடாகும். வெளியே இருக்கும் சேஞ்ச் கியர்களானால் (விகிதத்தை மாற்றக் கழற்றி மாட்டும் கியர்கள்), பற்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்து நெருக்கி இறுக்கிவிட்டு, கையால் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள்; சரியான இடைவெளி கிடைத்துவிடும். பாதிச் சத்தம் அத்தோடு போய்விடும். அந்தத் திறந்த கியர்களுக்கு ஒட்டும் தன்மையுள்ள கெட்டி எண்ணெயை மெலிதாகப் பூசலாம். சீவல் பறந்து விழும் இடமானால் கிரீஸ் வேண்டாம், அது சீவலைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாக மாறிவிடும்.

அறிகுறி: கிளட்ச் நழுவுகிறது, அல்லது விட்ட பின்னும் சக் சுழல்கிறது

எண்ணெயில் நனைந்து இயங்கும் பல தகட்டுக் கிளட்ச் உள்ள ஹெட்ஸ்டாக்குகளில் மட்டும் இது பொருந்தும். ஆழமாக வெட்டும்போது கிளட்ச் நழுவினால், சரிசெய்யும் நட்டைப் பார்த்துவிட்டு, எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். மாலிப்டினம் கலந்தவையும் ஸ்லைடுவே ஆயிலும் இங்கே ஆகாது. கிளட்சை விட்ட பின்னும் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) மெல்லச் சுழன்றுகொண்டே இருந்து, அதிலும் காலையில் அதிகமாகவும் சூடான பிறகு குறைவாகவும் இருந்தால், கெட்டி எண்ணெய் தகடுகளை ஒட்டி இழுக்கிறது. சாதாரண வி.ஜி. 32 அல்லது 46 ஹைட்ராலிக் ஆயில் இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் நன்றாக வேலைசெய்யும். சக் தானாகச் சுழல்வது கைக்கு ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: ஒழுகுகிறது

பழைய ஸ்பிண்டில்களில் ரப்பர் சீல் இருக்காது. எண்ணெயை வீசியெறியும் வளையமும், அது வீசியதைத் தொட்டிக்குத் திருப்பும் ஒரு சிறு துளையும்தான் இருக்கும். அந்தத் துளை வண்டலால் அடைபட்டால் எண்ணெய் திரும்ப வழியின்றி முன்பக்கம் வழியும். கெட்டி எண்ணெய் ஊற்றினால் அந்தச் சிறு துளை வழியாகத் திரும்புவது இன்னும் கடினமாகி, ஒழுக்கு கூடத்தான் செய்யும். துளையைக் குத்தித் திறந்துவிடுங்கள். ஒருமுறை ஊற்றினால் பேரிங் வழியாக வெளியேறிவிடும்படியே வடிவமைக்கப்பட்ட இடங்களும் உண்டு. அங்கே சொட்டுவது கோளாறல்ல, எண்ணெய் அழுக்கை வெளியே கொண்டுவருகிறது.

அறிகுறி: காலையில் ஹைட்ராலிக் பம்பு ஊளையிடுகிறது

எண்ணெய் கெட்டியாக இருப்பதால் பம்பு உறிஞ்ச முடியாமல் வெற்றிடக் குமிழ்கள் உண்டாகின்றன. அல்லது உறிஞ்சு வலை அடைபட்டிருக்கிறது. வலையைக் கழுவிய பிறகும் குளிரில் மட்டும் ஊளையிட்டால் ஒரு படி இளக்கமான எண்ணெய்க்கு மாறுங்கள். சூடான பிறகு மேசையின் வேகம் குறைந்து அழுத்தமும் இறங்கினால் எதிர்த்திசையில் மாற வேண்டும்.

எண்ணெயை மாற்றும் நாளன்று

அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடியுங்கள்; குளிர்ந்த எண்ணெய் வண்டலை அடியிலேயே விட்டுவிட்டு வரும். அடியில் உள்ள சேற்றைத் துணியால் வழித்தெடுங்கள். நூல் பிரியும் பஞ்சுக் கழிவைப் பயன்படுத்தினால் அந்த நூல்களே பிறகு எண்ணெய்த் துளைகளில் போய் அடைக்கும். மண்ணெண்ணெயை ஊற்றி இயந்திரத்தை ஓட்டிக் கழுவும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது பேரிங்கின் படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தை உலோகத்தின் மேல் ஓடவிடுகிறது. புதிதாக ஊற்றப்போகும் எண்ணெயிலேயே சிறிது ஊற்றி, குறைந்த வேகத்தில் 10 நிமிடம் ஓட்டி வடித்துவிடுவது செலவானாலும் பாதுகாப்பானது.

முன்பு என்ன எண்ணெய் இருந்தது என்று தெரியாத பெட்டியில் பாலிகிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெயை ஊற்றாதீர்கள். அது கனிம எண்ணெயோடு கலக்காது, சேறாகும். எஸ்டர் வகை எண்ணெய்கள் பழைய வார்ப்புப் பெட்டிகளின் உட்புறப் பெயிண்டை இளக்கி உரிக்கக்கூடும். உரிந்த பெயிண்டும் துளைகளைத்தான் தேடிப் போகும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை எந்த இடத்திலும் ஊற்ற வேண்டாம். அதில் கரியும் அமிலமும் உலோகத்தூளும் இருக்கின்றன. தாவர எண்ணெய்கள் முதல் நாள் அருமையாக வழுக்கும், சில மாதங்களில் காய்ந்து வார்னிஷ்போல இறுகிவிடும்.

மாற்றிய எண்ணெயின் பெயரையும் வி.ஜி. எண்ணையும் தேதியையும் பெட்டியின் மூடியிலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். 50 மணி நேரம் ஓடிய பிறகு வடிகால் பிளக்கைக் கழற்றி அரைக் குப்பி மட்டும் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது மாவுபோல மென்மையாக இருந்தால் பழைய வண்டலும் இயல்பான தேய்மானமும்தான்; திரும்ப மூடி ஓட்டலாம். விரலுக்கு நடுவில் நெருடும் செதில்கள் இருந்தால், எண்ணெய் டின்னை எடுக்காமல் மூடியைத் திறந்து எந்தப் பல்லிலிருந்து, எந்தப் பேரிங்கிலிருந்து அவை வந்தன என்று தேடத் தொடங்குங்கள்.